தாகத்தை அடக்க வேண்டாம்: குடல் சத்திரசிகிச்சைக்குப் பின் இளையோரின் அன்றாட வாழ்வு

எமது ஊர்களில் நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் சந்தியில் நின்றே பேசிக்கொள்கிறோம். "சீனி எவ்வளவு காட்டியது?" என்று கிளினிக் வரிசையில் அறிமுகமில்லாதவரிடமும் கேட்கிறோம். ஆனால் மலம் போவதோடு சம்பந்தப்பட்ட நோய் என்றால் வீட்டுக்குள்ளேயே குரல் தாழ்ந்துவிடுகிறது. இந்த மௌனத்தால் அதிகம் துன்பப்படுவோர் குடல் நோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட இளைஞர்களும் யுவதிகளுமே.

அவர்களிடையே காணப்படும் ஒரு பழக்கம் மிகவும் ஆபத்தானது. வயிற்றில் ஒட்டியுள்ள பை நிறைந்துவிடும், நாலு பேர் நடுவே எழுந்துபோக நேரிடும் என்று பயந்து, குடிப்பதையும் உண்பதையும் குறைத்துக்கொள்கிறார்கள். "பசிக்கல்ல உம்மா" என்று சொல்லித் தட்டைத் தள்ளிவைப்பார்கள். உண்மையில் பசியும் இருக்கும், தாகமும் இருக்கும். வெற்றிகரமாகச் சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவர், இந்தப் பழக்கத்தால் சில வாரங்களிலேயே மீண்டும் வைத்தியசாலைக் கட்டிலுக்குப் போக நேரிடலாம். இது ஏன் நிகழ்கிறது, இதைத் தவிர்க்க நோயாளியும் குடும்பமும் ஊரும் என்ன செய்யலாம் என்பதை, மருதமுனையையும் அதைச் சூழவுள்ள கரையோர ஊர்களையும் மனதிற்கொண்டு இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

நோய் எது?

எமது சிறுகுடல் ஏறக்குறைய 6 மீற்றர் நீளமானது. உணவின் சத்துக்களை உறிஞ்சுவது அதுவே. அதன் பின் வரும் பெருங்குடல் சுமார் ஒன்றரை மீற்றர் நீளமானது. தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி மலத்தைக் கெட்டியாக்குவது அதன் வேலை.

இளவயதினரின் குடலைத் தாக்கும் நீண்டகால நோய்களில் இரண்டு முக்கியமானவை. முதலாவது, பெருங்குடலின் உட்சுவரில் புண்கள் தோன்றும் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்'. இரண்டாவது, குடலின் எப்பகுதியையும் தாக்கக்கூடிய 'குரோன் நோய்'. உடலைப் பாதுகாக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தடம்மாறிக் குடலையே தாக்குவதால் இவை உண்டாகின்றன. பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில், அதாவது படிப்பும் தொழிலும் திருமணமும் கூடிவரும் காலத்தில் இவை ஆரம்பிக்கின்றன. இவை ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. சூனியத்தாலோ, யாரோ கொடுத்த சாப்பாட்டாலோ வருவதுமில்லை.

எமது நாட்டில் இவை அரிய நோய்களே. கொழும்பு, கம்பஹா மாவட்ட வைத்தியசாலைகளில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்றின்படி, ஒரு இலட்சம் பேருக்கு 5.3 பேர் கொலைட்டிஸ் நோயுடனும், 1.2 பேர் குரோன் நோயுடனும் இருந்தனர். அரிய நோயாகையால் தாமதமாகவே அடையாளம் காணப்படுகிறது. மலத்தோடு இரத்தம் போனால் "மூலம்" என்று நாட்டு மருந்து எடுப்பார்கள். சீதம் போனால் "வயிற்றுளைவு" என்று கடையில் குளிசை வாங்குவார்கள். இப்படியே மாதங்கள் கடந்துவிடும். நான்கு வாரங்களுக்கு மேல் இரத்தமோ சீதமோ கலந்து வயிற்றோட்டம் இருந்தால், உடல் மெலிந்தால், இரவிலும் எழுந்து மலம் கழிக்க நேரிட்டால் கட்டாயம் வைத்தியரிடம் போக வேண்டும்.

பெரும்பாலானோருக்கு மருந்துகளே போதும். மருந்துக்கு நோய் அடங்காதபோதும், குடல் அடைபடும்போதும், கிழியும் அபாயம் ஏற்படும்போதும், புற்றுநோயாக மாறும் அறிகுறி தென்படும்போதும் சத்திரசிகிச்சை தேவைப்படுகிறது. விபத்து, குடற் புற்றுநோய், பிறவிக் குறைபாடு ஆகியவற்றுக்காகவும் இதே சத்திரசிகிச்சைகள் செய்யப்படுவதுண்டு.

சத்திரசிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

கொலைட்டிஸ் நோயில் பெருங்குடலை முழுதாக அகற்ற நேரிடலாம். அப்போது சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்புறத்தில் ஒரு சிறு துவாரத்தின் வழியே வெளியே எடுத்துத் தைத்துவிடுகிறார்கள். இதை 'இலியோஸ்டமி' என்பர். பெருங்குடலின் ஒரு பகுதியை வெளியே எடுத்து வைத்தால் அது 'கொலொஸ்டமி'. இரண்டையும் நாம் இங்கே 'குடல்வாய்' என்று அழைப்போம். குடல்வாய் எமது கன்னத்தின் உட்புறம் போலச் சிவப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். தொட்டால் வலிக்காது. அதற்கு இறுக்கி மூடும் தசை இல்லாதபடியால் மலத்தை அடக்கிவைக்க முடியாது. ஆகவேதான் அதன்மேல் ஒட்டும் தட்டும் பையும் பொருத்தப்படுகின்றன.

சிலருக்குச் சில மாதங்களின் பின், சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து உள்ளேயே ஒரு பை போலத் தைத்து மலவாயிலுடன் இணைத்துவிடுவார்கள். 1978இல் லண்டன் சென்ற் மார்க்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த பார்க்ஸ், நிக்கல்ஸ் என்னும் வைத்தியர்கள் இம்முறையை உலகுக்கு அறிவித்தனர். இலங்கையிலும் ராகமையிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில் இது செய்யப்பட்டுள்ளது. உட்பை வைத்தவர்களுக்கு வெளிப் பை தேவையில்லை. ஆனால் நாளொன்றுக்கு 4 முதல் 8 தடவை வரை மலம் கழிக்க நேரிடும். எல்லோருக்கும் இது பொருந்தாது. குரோன் நோயாளருக்குப் பொதுவாகச் செய்வதில்லை.

பெருங்குடல் முழுவதையும் அகற்றியபின் கொலைட்டிஸ் நோய் குடலில் மீண்டும் வருவதில்லை. குரோன் நோய் சத்திரசிகிச்சையின் பின்னும் திரும்பி வரலாம். ஆகவே அத்தகையோர் கிளினிக்கைக் கைவிடக் கூடாது.

தண்ணீரும் உப்பும்

இப்போது நாம் ஆரம்பத்தில் சொன்ன ஆபத்துக்கு வருவோம். சுகதேகியின் சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு நாளாந்தம் ஒன்றரை லீற்றர் அளவு திரவம் வந்து சேர்கிறது. பெருங்குடல் அதில் பெரும்பகுதியை உடலுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பெருங்குடல் இல்லாதவருக்கு இந்தச் சேமிப்பு இல்லை. காலப்போக்கில் சிறுகுடல் ஓரளவு பழகிக்கொண்டாலும், இலியோஸ்டமி உள்ள ஒருவரின் பையில் நாளொன்றுக்கு 500 முதல் 800 மில்லிலீற்றர் வரை சேரும். அத்தோடு ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பும் போய்விடும். எமது கரையோர வெயிலில் வியர்வையாகப் போவது வேறு.

இந்நிலையில் பை நிறையாதிருக்கத் தண்ணீரைக் குறைத்தால் என்ன நடக்கும்? சாப்பிடாவிட்டாலும் குடல் நீரைச் சுரந்துகொண்டே இருக்கும். பை சற்றுக் குறைவாக நிறையும். ஆனால் உடல் வற்றத் தொடங்கும். சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போகும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். இரவில் கெண்டைக்கால் இழுக்கும். காரணமில்லாத களைப்பும் எரிச்சலும் தோன்றும். தொடர்ந்து இப்படி இருந்தால் சிறுநீரகத்தில் கல் உண்டாகலாம், சிறுநீரகமே பழுதடையவும் கூடும்.

அதேவேளை, தாகம் என்று வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் பயன் தராது. உப்பில்லாத தண்ணீர் குடலிலிருந்து மேலும் உப்பை இழுத்துக்கொண்டு பைக்குள் போய்விடும். தண்ணீரோடு உப்பும் சிறிதளவு சீனியும் சேர்ந்தால்தான் சிறுகுடல் அதை நன்றாக உறிஞ்சும். வயிற்றோட்டத்துக்கு நாம் கொடுக்கும் 'ஜீவனி' இந்த அடிப்படையிலேயே தயாரிக்கப்படுகிறது.

ஆகவே பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை, ஒரேயடியாக அல்லாமல் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். உப்பிட்ட சோற்றுக் கஞ்சி, சூப், உப்புச் சேர்த்த மோர் என்பன நல்லவை. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ஆகவே அதனுடன் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துக் குடிக்கலாம்.

வெயிலில் வேலை செய்யும் நாட்களிலும், பை வழமையைவிட வேகமாக நிறையும் நாட்களிலும் ஜீவனி குடிக்க வேண்டும். ஜீவனி கிடைக்காதபோது, கொதித்தாறிய 1 லீற்றர் தண்ணீரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

பையில் நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் சேர்ந்தால் அதை "இன்றைக்குக் கொஞ்சம் கூட" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் போக வேண்டும். பழைய யோகட் கோப்பை ஒன்றில் அளவு குறித்து வைத்துக்கொண்டால் அளப்பது இலகு.

உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் உப்பின் அளவை வைத்தியரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும். கொலொஸ்டமி உள்ளவர்களுக்குப் பெருங்குடலின் பகுதி எஞ்சியிருப்பதால் இந்த நீரிழப்பு மிகவும் குறைவு.

சாப்பாடு

முதல் ஆறு வாரங்களுக்குக் குழைந்த சோறு, மீன், முட்டை, உருளைக்கிழங்கு, தயிர், வாழைப்பழம், சவ்வரிசிக் கஞ்சி போன்றவை போதும். அதன் பின் ஒவ்வொரு புதிய உணவையும் சிறிய அளவில், ஒரு தடவைக்கு ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில மாதங்களில் வீட்டார் உண்பதையே பெரும்பாலும் உண்ணலாம்.

எமது சமையலில் ஒரு விடயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். தேங்காய்ச் சம்பல், தேங்காய்ச் சொட்டு, அன்னாசி, பலாச்சுளை, சோளம், கச்சான், முருங்கைக்காய் போன்ற நார்மிகுந்தவை சரியாக மெல்லப்படாமல் போனால் குடல்வாயின் அருகே அடைத்துக்கொள்ளலாம். முற்றாக விலக்க வேண்டும் என்பதில்லை. குறைவாக எடுத்து, நன்றாக மென்று, தண்ணீரோடு உண்ண வேண்டும். தேங்காயைப் பாலாகப் பிழிந்து சேர்ப்பதில் இந்தத் தொல்லை இல்லை. வெங்காயம், கோவா, பருப்பு, சோடா வகைகள் காற்றை அதிகரிக்கும். கூட்டங்களுக்குப் போகும் நாளில் அவற்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட குளிசைகள் கரையாமலே பைக்குள் வந்துவிடலாம். ஆகவே எந்த நோய்க்கு எந்த வைத்தியரிடம் போனாலும் குடல்வாய் இருப்பதைச் சொல்ல வேண்டும். பேதி மருந்து எடுக்கவே கூடாது.

கிணற்றடியும் மலசலகூடமும்

பையை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே வெறுமையாக்க வேண்டும். நிறையவிட்டால் பாரத்தால் தட்டு கழன்று கசியும். நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை போக நேரிடுவது சாதாரணம். குந்தி இருக்கும் மலசலகூடத்தில் பையின் வாயைத் திறந்து வடிப்பது ஆரம்பத்தில் சிரமமாக இருக்கும். சிறிய பிளாஸ்ரிக் கோப்பை ஒன்றில் வடித்து ஊற்றிவிட்டுக் கழுவினால் உடுப்பில் தெறிக்காது.

ஒட்டும் தட்டை மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மாற்றலாம். கடும் வெயிற் காலத்தில் வியர்வையால் அதற்கு முன்னரே இளகும். காலையில் ஒன்றும் உண்ணுமுன் மாற்றுவது நல்லது. அப்போது குடல் அமைதியாக இருக்கும். தோலை வெறும் தண்ணீரால் கழுவி நன்றாக உலர்த்தினால் போதும். தேங்காய் எண்ணெயோ தைலமோ பூசினால் தட்டு ஒட்டாது. டெற்றோல் தோலை எரித்துவிடும். தட்டின் துவாரம் குடல்வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். முதல் இரண்டு மாதங்களில் குடல்வாய் சுருங்கிக்கொண்டு போகுமாதலால் அடிக்கடி அளந்து வெட்ட வேண்டும். தோல் புண்ணாவதற்குப் பெரும்பாலும் காரணம், பெரிதாக வெட்டிய துவாரத்தின் வழியே மலம் தோலில் படுவதேயாகும்.

பையுடனும் குளிக்கலாம், பையைக் கழற்றிவிட்டும் குளிக்கலாம். தண்ணீர் குடல்வாயின் வழியே உள்ளே போகாது. காயம் ஆறியபின் கடலிலும் குளிக்கலாம்.

கழற்றிய பையை மலசலகூடக் குழிக்குள் போடக் கூடாது. குழாய் அடைபடும், குழியும் விரைவில் நிரம்பும். உள்ளே இருப்பதை வடித்துக் கழுவி, பத்திரிகைத் தாளில் சுற்றி, பொலித்தீனில் கட்டி மாநகர சபையின் குப்பை வண்டிக்குக் கொடுக்கலாம். எமது கரையோர மணலில் நிலத்தடி நீர் ஆழமில்லாமல் இருப்பதால் கிணற்றுக்கு அருகில் புதைப்பது தவறு.

பைகளைத் தகரக் கூரையின் கீழே சூடேறும் அறையில் வைத்தால் பசை கெட்டுவிடும். நிழலான, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். வைத்தியசாலையில் எப்போதும் கிடைக்கும் என்று எண்ணியிருக்கவும் முடியாது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதியாகும் மருத்துவப் பொருட்கள் பலவற்றுக்கும் தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கவில்லை. மாரி வெள்ளத்தில் பாதைகள் தடைப்படுவதும் எமக்குப் புதிதல்ல. ஒரு மாதத்துக்குத் தேவையான பைகளை எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பது நல்லது. வெளியே போகும்போது ஒரு பை, ஒரு துவாய், ஒரு மாற்றுச் சாரன் அடங்கிய சிறு பொதியை எடுத்துச் செல்லலாம்.

சாரனும் தறியும்

மருதமுனை கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற ஊர். சாரன் கட்டும் இடமும் தறியில் அமரும் முறையும் இந்தச் சத்திரசிகிச்சையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. இதை நோயாளி சொல்லாவிட்டால் வைத்தியருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

அவசரச் சத்திரசிகிச்சையாக இல்லாவிடில், குடல்வாய் அமைய வேண்டிய இடத்தை முன்கூட்டியே தோலில் அடையாளமிடுவார்கள். படுத்திருக்கும்போது மட்டுமல்லாமல் நிற்கும்போதும், அமரும்போதும், குனியும்போதும் பார்த்தே அடையாளமிட வேண்டும். அந்நேரத்தில் "நான் சாரன் கட்டுபவன், முடிச்சு இங்கே வரும்" என்று காட்ட வேண்டும். தறியில் வேலை செய்பவர், நெய்த துணி சுருளும் மரம் தமது வயிற்றில் எந்த மட்டத்தில் முட்டும் என்று சொல்ல வேண்டும். தொழுகையில் ருகூவுக்கும் ஸுஜூதுக்கும் குனிவதையும் செய்து காட்டலாம். ஐந்து நிமிடப் பேச்சு, பல ஆண்டுக் கசிவைத் தடுக்கும்.

சத்திரசிகிச்சையின் பின் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பாரமானவற்றைத் தூக்கக் கூடாது. வயிற்றுத் தசை பலவீனப்பட்டுக் குடல் பிதுங்கிக்கொள்ளலாம். தண்ணீர் வாளியும் இந்தத் தடைக்குள் அடங்கும். அதன் பின் நடை, சிறு வேலை, முழு வேலை என்று படிப்படியாகக் கூட்டலாம். தறி வேலை, தையல், கடை, அலுவலகம், கற்பித்தல் யாவும் செய்யலாம். வலை இழுத்தல், நெல் மூட்டை தூக்குதல் போன்றவற்றுக்கு வைத்தியரின் ஆலோசனையும் வயிற்றுப் பட்டியும் வேண்டும்.

நெசவில் முடித்த அளவுக்கே கூலி. எழுந்து போகும் நேரம் வருமானத்தைக் குறைக்குமென்று பையை நிறையவிடுவோர் இருப்பர். தறியின் அருகில் ஒரு போத்தல் உப்புச் சீனித் தண்ணீரும், கொட்டிலுக்கு அண்மையில் கதவு பூட்டக்கூடிய மலசலகூடமும் இருந்தால் இழக்கும் நேரம் சில நிமிடங்களே. பரீட்சை எழுதும் மாணவர், வெளியே போய்வர அனுமதியை அதிபர் மூலமாக முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒலுவில் பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ விடுதியில் தங்குவோர், குளியலறையோடு கூடிய அல்லது அதற்கு அண்மையான அறையைக் கேட்கத் தயங்கக் கூடாது.

தொழுகையும் நோன்பும்

எமது பகுதி இளைஞர்கள் பலரின் மனதை வாட்டும் கேள்வி, "இந்தப் பையோடு நான் பள்ளிவாசலுக்குப் போகலாமா?" என்பது. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எமது பணியல்ல. ஆயினும் தொடர்ச்சியான வெளியேற்றம் உள்ளவர்களுக்கு மார்க்கச் சட்டத்தில் தனியான ஏற்பாடு நெடுங்காலமாகவே உண்டு. ஷாபி மத்ஹபில் அத்தகையவர் ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்கும் அதன் நேரம் வந்தபின் வுழூச் செய்து தொழுவது அறியப்பட்ட விடயம். தம் நிலையை ஆலிம் ஒருவரிடம் விபரமாகச் சொல்லிக் கேட்பதே முறை. கேட்கக் கூச்சப்பட்டு ஜும்ஆவையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்குவோர், தேவையின்றித் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்கிறார்கள்.

நோன்பு இன்னும் கவனத்துக்குரியது. எமது நாட்டில் நோன்பு நேரம் பதின்மூன்று மணித்தியாலத்துக்கும் கூடியது. பெருங்குடல் இல்லாத ஒருவரின் உடல் அந்நேரம் முழுவதும் நீரையும் உப்பையும் இழந்துகொண்டே இருக்கும். சத்திரசிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் நோன்பு நோற்பது ஆபத்தானது. அதன் பின்னும் சிறுநீரகக் கோளாறோ, அதிகமாகப் பை நிறையும் தன்மையோ உள்ளவர்கள் நோற்கக் கூடாதென்றே வைத்தியர்கள் கூறுவர். நிலை சீராக உள்ள சிலர் வைத்தியரின் மேற்பார்வையில் முயன்று பார்க்கலாம். அப்போது நோன்பு திறந்தது முதல் ஸஹர் வரை கஞ்சியும் ஜீவனியும் இடைவிட்டுக் குடிக்க வேண்டும். தலை சுற்றினாலோ சிறுநீர் நின்றாலோ உடனே விட்டுவிட வேண்டும்.

நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பதையும், குணமாக வாய்ப்பில்லாதவருக்குப் பித்யா உண்டென்பதையும் அறியாதவர் எம்மிடையே இல்லை. ஆனால் வெளியே பார்க்க ஆரோக்கியமாகத் தெரியும் இருபத்திரண்டு வயது இளைஞன் பகலில் தண்ணீர் குடித்தால், காண்பவர் என்ன நினைப்பார் என்ற பயம் சலுகையையே பயனற்றதாக்கிவிடுகிறது. அவனைக் கேள்வி கேட்காதிருப்பது ஊரின் பொறுப்பு. வீட்டில் அவனுக்கென ஒரு கோப்பை கஞ்சியை மூடிவைப்பது உம்மாவால் இலகுவாகச் செய்யக்கூடியது.

திருமணம்

எமது பகுதியில் மணமகன் பெண் வீட்டுக்குப் போவதே வழக்கம். மாமனார், மாமி, மச்சாள்மார் உள்ள வீட்டில், ஒரே மலசலகூடத்தை நாளுக்கு ஆறு தடவை பாவிக்க வேண்டிய புதுமாப்பிள்ளையின் சங்கடம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெண்ணுக்கு நோய் எனில் அவள் தன் வீட்டிலேயே இருப்பாள். ஆனால் அவளைப் பற்றிப் பேச்சுக்காலில் என்ன சொல்வது என்று பெற்றோர் தவிப்பார்கள்.

மறைத்துச் செய்யும் திருமணத்தில் முதல் வாரத்திலேயே உண்மை தெரிந்துவிடும். அப்போது நோயைவிட மறைத்ததே பெரிய குற்றமாகிவிடும். பேச்சு உறுதியாகுமுன், இரு வீட்டுப் பெரியவர்கள் இருவர் மூலம் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. விருப்பமானால் மற்ற வீட்டாரையும் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று வைத்தியரிடம் நேரில் கேட்க வைக்கலாம்.

அவர்கள் கேட்கக்கூடியவற்றுக்கு விடை இதுதான். குடல்வாய் உள்ளவர்கள் இல்லற வாழ்வு நடத்தலாம். சிறிய பையொன்றை மாற்றி, துணி உறையால் மூடிக்கொள்ளலாம். குடல்வாய் உள்ள பெண்கள் கருவுற்றுச் சுகமாகப் பிள்ளை பெற்றுள்ளனர். உட்பைச் சத்திரசிகிச்சை பெண்களின் கருத்தரிக்கும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும். இடுப்புக்குழியில் செய்யும் சத்திரசிகிச்சை சில ஆண்களின் நரம்புகளைப் பாதிக்கவும் கூடும். ஆகவே மணமாகாதவர்கள் இவற்றைச் சத்திரசிகிச்சைக்கு முன்னரே வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். நோயாளியின் பிள்ளைக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சிறிது அதிகம் எனினும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

பை எப்படி வந்தது?

இன்று நாம் காணும் ஒட்டும் பையும் ஒரு பெண்ணின் கூச்சத்தைப் போக்கவே பிறந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த எலிஸ் சோரன்சன் ஒரு தாதி. அவருடைய சகோதரி தோரா குடல் சத்திரசிகிச்சையின் பின், எங்கே கசிந்துவிடுமோ என்று வெளியே போக அஞ்சி வீட்டில் முடங்கினார். அதைக் கண்டு எலிஸ் 1954இல் தோலில் ஒட்டிக்கொள்ளும், பாவித்தபின் வீசக்கூடிய பையொன்றை வடிவமைத்தார். பிளாஸ்ரிக் உற்பத்தியாளர் ஒருவர் அதைச் செய்து கொடுத்தார். இன்று உலகெங்கும் பலர் இத்தகைய பையுடன் வேலைக்குப் போகிறார்கள்.

உதைபந்தாட்டம் பார்க்கும் எமது இளைஞர்கள் டரன் பிளெச்சரை அறிவார்கள். மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் ஆடியவர். கொலைட்டிஸ் நோயால் அவதிப்பட்டும் அதைச் சக வீரர்களிடம்கூட மறைத்து வந்ததாகப் பின்னர் அவரே பகிரங்கமாகச் சொன்னார். 2011 டிசம்பரில் நோயின் பெயரை வெளிப்படையாகக் கூறி ஆட்டத்திலிருந்து விலகினார். 2013 ஜனவரியில், 28 வயதில், சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அவ்வருட டிசம்பரிலேயே மீண்டும் மைதானத்தில் இறங்கினார். பின்னர் இன்னொரு கழகத்தின் தலைவராகவும் ஆடினார். அவருக்குக் கிடைத்த வசதி எம்மவர்க்கு இல்லைதான். ஆனால் நோயின் பெயரைச் சொல்வதற்குப் பணம் தேவையில்லை.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை

1. ஆறு மணித்தியாலம் வரை பையில் ஒன்றுமே சேராமல், வயிறு முறுக்கி வலித்து, வாந்தியும் வந்தால்.
2. குடல்வாய் கறுத்தோ, கடும் ஊதா நிறமாகவோ மாறினால்.
3. பையில் தொடர்ந்து இரத்தம் சேர்ந்தால். (துடைக்கும்போது சிறிது கசிவது சாதாரணம்.)
4. தலை சுற்றி, சிறுநீர் மிகவும் குறைந்தால்.
5. உட்பை உள்ளவருக்குக் காய்ச்சலுடன் மலப்போக்கு திடீரென அதிகரித்தால்.

கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ உங்களுக்கு அண்மையானதுக்கு முதலில் போங்கள். கொழும்பில் சத்திரசிகிச்சை செய்ததால் கொழும்புக்கே போக வேண்டும் என்று இரவு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். என்ன சத்திரசிகிச்சை, எந்தப் பகுதி அகற்றப்பட்டது என்ற விபரம் அடங்கிய கிளினிக் அட்டையின் பிரதியைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

மலசலகூடக் கதவுக்கு உள்ளே ஒரு கொக்கி, ஒரு ஆணி, ஒரு வாளி, மூடியுள்ள ஒரு குப்பைக் கூடை ஆகியவற்றைக் குடும்பத்தார் ஏற்பாடு செய்யலாம். "ஏன் இத்தனை தரம் போகிறாய்?" என்று கேட்பதை நிறுத்தலாம். நெசவுக் கொட்டில் வைத்திருப்போரும் கடை முதலாளிமாரும், காரணம் கேட்காமல் எழுந்து போக அனுமதிக்கலாம். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும், குறைந்தது ஒரு மலசலகூடத்தையாவது தண்ணீரும் பூட்டும் உள்ளதாகத் திறந்து வைத்திருக்கலாம். அது நீரிழிவு நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் உதவும். ஏற்கெனவே பையுடன் வாழப் பழகிய ஒருவர், புதிதாகச் சத்திரசிகிச்சை முடிந்து வந்தவரைத் தேடிச் சென்று, தட்டை வெட்டுவது எப்படி என்று காட்டிக் கொடுத்தால், எத்தனையோ அறிவுரைகளைவிட அது பயன்தரும்.

நோயாளியான இளைஞருக்கும் யுவதிக்கும் நாம் சொல்வது ஒன்றுதான். வீட்டில் ஒருவர், வேலைத்தலத்தில் ஒருவர், நண்பர்களில் ஒருவர் என்று மூவரிடமாவது விடயத்தைச் சொல்லிவையுங்கள். அதன் பின் தண்ணீர்ப் போத்தலை மறைக்க வேண்டி வராது. பை நிறைந்தால் எழுந்து போய் வடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடருங்கள்.